வேர்டில் ஒழுங்காக இருக்கிறது, தளத்தில் ஒட்டினால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. உதவி தேவை

பட்டர்வொர்த்_மலர் | ஞாயிறு, இரவு 10.40

வணக்கம். இரண்டு நாளாக மண்டை காய்கிறது, யாராவது கொஞ்சம் பாருங்கள்.

பினாங்கில் எங்கள் வாசிப்புக் குழுவுக்கு ஒரு சின்னத் தளம் இருக்கிறது, தெரிந்த பையன் செய்து கொடுத்தது. பெரியவர்களிடம் தோட்டத்து வாழ்க்கை, துறைமுக வேலை என்று கேட்டு எழுதுகிற கட்டுரைகளை அதில் போட்டு வருகிறோம். எழுதித் தருபவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர், வேர்டில் தட்டிப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புவார். வேர்டில் திறந்து பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். தளத்தில் ஒட்டினால்தான் கூத்து.

முதல் பத்தி எறும்பு ஊர்வது மாதிரி, கடைசிப் பத்தி பேனர் மாதிரி. நடுவில் எட்டு வரித் தாலாட்டு ஒன்று வருகிறது, வரிக்கு வரி ஒரு லாரி போகிற அளவு இடைவெளி. சில இடங்களில் எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். எல்லாவற்றையும் விட மோசம் கைப்பேசியில்தான்: வரி மடங்காமல் வலது பக்கம் ஓடிவிடுகிறது, விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

நோட்பேடில் போட்டு எடுத்தும் பார்த்துவிட்டேன். எழுத்தின் அளவு சரியானது, ஆனால் சாய்வெழுத்தில் இருந்த தோட்டத்துச் சொற்கள் எல்லாம் நேராகிவிட்டன. கைப்பேசியில் ஓடுவது மட்டும் அப்படியே இருக்கிறது. நோட்பேடே சுத்தம் செய்யாததை வேறு எது செய்யும்? தைப்பூசத்துக்கு முன்னால் தண்ணீர்மலை முருகன் கோயில் கட்டுரையைப் போட்டாக வேண்டும்.

செந்தூல்_பையன் | 10.52

கன்ட்ரோல் ஷிஃப்ட் வி அக்கா. முடிந்தது கதை. இதற்குப் போய் இவ்வளவு நீளமா?

பட்டர்வொர்த்_மலர் | 10.58

தம்பி, அதுவும் நோட்பேடும் ஒன்றுதானே? அதிலும் சாய்வெழுத்து போகும், வரி ஓடும். முழுசாகப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள் லா.

நிபோங்_திபால்காரன் | 11.20

மலர், மூன்று நான்கு கோளாறு ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு வந்திருக்கிறது, அதனால்தான் ஒரே மருந்துக்கு அடங்கவில்லை.

எழுத்து அளவு சுலபம். வேர்டிலிருந்து காப்பி எடுக்கும்போது வெறும் எழுத்து மட்டும் போவதில்லை. அதே துண்டு எச்டிஎம்எல்லாகவும் (இணையப் பக்கங்களை எழுதும் மொழி) கூடவே போகிறது, எடிட்டர் பெட்டி கையை நீட்டி அதைத்தான் வாங்கிக்கொள்கிறது. அதில் பத்திக்குப் பத்தி எழுத்துரு, அளவு, வரி உயரம் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் ஆசிரியர் ஒரு பத்தியை லதா எழுத்துருவில் 10 அளவிலும் இன்னொன்றை நிர்மலா எழுத்துருவில் 14-லும் தட்டியிருந்தால், தளம் தனக்கென்று வைத்திருக்கும் அளவை அது மிதித்துவிட்டு மேலே உட்காரும். நோட்பேட் இந்த மூட்டையைத்தான் அவிழ்த்துப் போடுகிறது. அதுவரைக்கும் நீங்கள் செய்தது சரி.

வரி ஓடுவது வேறு. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. கோப்பை வேர்டில் திறந்து கன்ட்ரோல் ஷிஃப்ட் 8 தட்டுங்கள் (மேலே ¶ என்று ஒரு பொத்தான் இருக்கும், அதேதான்). சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் என்ன தெரிகிறது? நடுவாக ஒரு சின்னப் புள்ளியா, அல்லது டிகிரி போடுவதுபோல மேலே தூக்கின மாதிரி ஒரு குட்டி வட்டமா?

பட்டர்வொர்த்_மலர் | 11.31

ஐயோ அண்ணே, வட்டம்! முதல் மூன்று பத்தியில் புள்ளிதான். நாலாவதிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே வட்டமாக இருக்கிறது. எழுத்துக்குப் பக்கத்தில் வருகிறது என்று சொன்ன வட்டமும் இதுவும் ஒன்றா?

நிபோங்_திபால்காரன் | 11.47

இல்லை, அது வேறு வட்டம், அதற்கு அப்புறம் வருவோம்.

இந்தக் குட்டி வட்டம் உடையா இடைவெளி. பார்க்கச் சாதாரண இடைவெளி மாதிரியே இருக்கும், ஆனால் 'இங்கே வரியை மடக்காதே' என்று உலாவிக்குச் சொல்லும். '25 வெள்ளி' என்று எழுதும்போது 25 இந்த வரியிலும் வெள்ளி அடுத்த வரியிலும் பிரிந்து போகாமல் கட்டிவைக்க, அங்கொன்றும் இங்கொன்றும் போடுகிற சாமான் அது. உங்கள் கோப்பில் நாலாவது பத்தியிலிருந்து எல்லா இடைவெளியும் அதுவாகவே இருக்கிறது. உலாவியின் கண்ணுக்கு உங்கள் நாலாவது பத்தி முழுவதும் ஒரே ஒரு சொல். எங்கே மடக்கும்? ஓடத்தான் செய்யும்.

நோட்பேட் ஏன் விட்டுவிட்டது என்றால், அது அலங்காரத்தைத்தான் கழற்றும், எழுத்தைத் தொடாது. இது அலங்காரம் இல்லை, 'அ', 'ஆ' மாதிரி தனி எண் உள்ள ஓர் எழுத்து.

கன்ட்ரோல் எச். தேடும் பெட்டியில் ^ குறி, அதை ஒட்டி ஆங்கிலச் சின்ன எஸ். மாற்றும் பெட்டியில் இடைவெளிப் பட்டையை ஒரே ஒரு தட்டு. எல்லாவற்றையும் மாற்று. நாலாவது பத்தியில் மட்டும் ஏன் தொடங்குகிறது என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்க வேண்டும்.

பட்டர்வொர்த்_மலர் | திங்கள், காலை 8.15

முதலில் 'எதுவும் கிடைக்கவில்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன், அஞ்சல் என்ற தமிழ் விசைப்பலகை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, எஸ் தட்டினால் பெட்டியில் தமிழ் எழுத்து விழுந்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு மாற்றித் தட்டினேன், ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் இடத்தில் மாற்றினேன் என்று ஒரு பெட்டி வந்தது. கைப்பேசியில் வரி அழகாக மடங்குகிறது!

பசியாறும் நேரத்தில் சாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதல் மூன்று பத்திதான் புதிதாகத் தட்டியதாம். மீதி, வருடக்கணக்காகப் பழைய கணினியில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடந்ததை, இணையத்தில் ஏதோ ஒரு மாற்றிப் பக்கத்தில் போட்டு யூனிகோடாக்கி (இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை) எடுத்தாராம்.

நிபோங்_திபால்காரன் | 8.40

அப்படியென்றால் மாற்றியின் வேலையாகத்தான் இருக்கும். பாமினிக் கோப்பில் தமிழ் எழுத்து என்று ஒன்றுமே கிடையாது. நமக்குத் 'தமிழ்' என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம். அந்த வேடத்தைக் கலைத்து யூனிகோடு ஆக்கும்போது சில மாற்றிகள் இடைவெளியையும் சேர்த்து மாற்றிவிடும்.

தாலாட்டுக்கு: சார் ஒவ்வொரு வரிக்கும் என்டர் தட்டியிருப்பார், அதனால் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகப் போய் பத்திக்கு உரிய இடைவெளியை எடுத்துக்கொள்கிறது. அந்த எட்டு வரியில் மட்டும் ஷிஃப்டை அமுக்கிக்கொண்டு என்டர். சாய்வெழுத்து எத்தனை சொல்?

பட்டர்வொர்த்_மலர் | 8.44

பதினொன்று.

நிபோங்_திபால்காரன் | 8.45

பதினொன்றுக்குத் தந்திரமெல்லாம் வேண்டாம். வேர்டிலேயே அந்தச் சொற்களுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டுக்கொள்ளுங்கள், நோட்பேட் வழியாகத் தளத்துக்குக் கொண்டு போய், நட்சத்திரம் கண்ட இடத்தில் சாய்த்துவிட்டுக் குறியை அழித்துவிடுங்கள். வேலைக்குப் போகிறேன்.

சிவப்புப்_பேனா | மதியம் 1.10

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு மெய்ப்புத் திருத்துநர். விட்டுப்போன புள்ளி வட்டத்துக்கு நான் வருகிறேன், தினமும் இதோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

உயிர்க்குறி தன் மெய்யைத் தொலைத்துவிட்டு அநாதையாக நின்றால் அந்த வட்டம் வரும், 'இங்கே ஓர் எழுத்து இருக்க வேண்டும்' என்பதற்கான வெற்று நாற்காலி மாதிரி. யூனிகோடில் 'பெ' என்றால் முதலில் ப, அப்புறம்தான் கொம்பு. கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரிந்தாலும் கோப்பில் அது பின்னால்தான் இருக்க வேண்டும். பிடிஎஃப்பிலிருந்து காப்பி எடுத்தால் பல சமயம் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே வந்துவிடும். இதைப் பாருங்கள்: ெபாங்கல். தெரிகிறதா? மலர், கட்டுரையில் ஏதாவது ஒரு பகுதி பிடிஎஃப்பிலிருந்து எடுத்ததா?

இன்னொன்று, இதற்கு வட்டம்கூட வராது, அதனால் இன்னும் ஆபத்து. 'கௌரவம்', 'கெளரவம்', இரண்டும் ஒன்று போலத்தானே தெரிகிறது? இரண்டாவதில் இருப்பது 'கெ'யும் அதற்குப் பக்கத்தில் தனி 'ள'வும். அந்த மாதிரி எழுதிவிட்டால் தளத்தில் 'கௌரவம்' என்று தேடுகிறவருக்குக் கட்டுரை கிடைக்கவே கிடைக்காது. மாற்றி வழியாக வந்த கோப்பில் கெள, செள, பெள, மெள என்று தனி 'ள' போட்டுத் தேடிப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

பட்டர்வொர்த்_மலர் | இரவு 9.30

ஆமாம் அக்கா, பழைய கோயில் மலர் ஒன்றின் பிடிஎஃப்பிலிருந்து எடுத்த ஒரு பத்தி நடுவில் இருக்கிறது. வட்டம் எல்லாம் அதில்தான்.

சிவப்புப்_பேனா | 9.36

ஒரே பத்தி என்றால் ஒவ்வொரு கொம்பாகத் தூக்கி நட்டுக்கொண்டிருக்காதீர்கள், பார்த்துப் பார்த்துப் புதிதாகத் தட்டிவிடுங்கள், அதுதான் சீக்கிரம். பக்கம் பக்கமாக இருந்தால் வேறு வழி பார்க்கலாம்.

பட்டர்வொர்த்_மலர் | செவ்வாய், இரவு 10.05

எல்லாம் சரியானது! அந்தத் தனி 'ள' இரண்டு இடத்தில் மாட்டியது, 'பௌர்ணமி'யும் 'மௌன'மும். கடைசியாக ஒன்று: வேர்டில் இருந்த தேர்ப் படம் என் கணினியில் மட்டும் தெரிகிறது, மற்றவர்களுக்கு வெறும் கட்டம்.

நிபோங்_திபால்காரன் | 10.20

தளத்தில் படம் இல்லை, உங்கள் கணினியில் மட்டும் செல்லுபடியாகும் ஒரு முகவரிதான் போய் ஒட்டியிருக்கிறது. அதை அழித்துவிட்டு, வேர்டில் படத்தின்மேல் வலது சொடுக்கு செய்து தனிக் கோப்பாகச் சேமித்து, தளத்தில் ஏற்றுங்கள்.

செந்தூல்_பையன் | 10.31

சும்மா என் ஆபீஸ் கோப்பைத் திறந்து ¶ தட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வட்டம். மன்னிச்சிக்குங்க அக்கா.

பட்டர்வொர்த்_மலர் | 10.48

பரவாயில்லை தம்பி. படமும் ஏறிவிட்டது அண்ணே, நன்றி.

சாரிடம் இந்த வட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் அதைப் போன மாதமே பார்த்தாராம். பேரன் எதையோ தட்டிவிட்டான், பக்கம் முழுக்கக் கொப்புளமாக இருக்கிறது என்று அவனைத் திட்டி, அந்த ¶ பொத்தானை அணைத்துவிட்டுத்தான் எனக்குக் கோப்பை அனுப்பினாராம்.