வளையம் பற்றவைத்த பழைய சவரனுக்குச் சேகரிப்பு மதிப்பு உண்டா?

கேள்வி:
பாட்டியின் காசுமாலையிலிருந்து பிரித்தெடுத்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலத்துச் சவரன் என்னும் தங்கக் காசு ஒன்று என்னிடம் உள்ளது. 1918 என்ற ஆண்டும், அதற்குச் சற்று மேலே பம்பாய் அச்சகத்தைக் குறிக்கும் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தும் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் விளிம்பில் வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கிறது. பொற்கொல்லரிடம் கொடுத்து அதைத் தேய்த்து மெருகேற்றினால் விலை கூடுமா?

மறுமொழி 1:
தயவுசெய்து மெருகேற்றாதீர்கள். கைமாறிக் கைமாறி இயல்பாக ஏற்பட்ட தேய்மானத்தைச் சேகரிப்பாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அரம் பட்ட விளிம்பையும், அச்சிட்டபோது உண்டான இயல்பான ஒளியை இழந்து கண்ணாடிபோல் மின்னும் பரப்பையும் சேதம் என்றே கணக்கிடுவார்கள். என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள் இத்தகைய காசுகளுக்கு 70 வரையிலான அளவுகோலில் எண் தருவதில்லை. உண்மையான காசு என்று சான்றளித்து, குறையையும் சேர்த்துக் குறிப்பிட்டுவிடும்.

மறுமொழி 2:
பம்பாயில் சவரன் அச்சிடப்பட்டது 1918இல் மட்டும்தான் என்பதால் இதற்குத் தனி ஈர்ப்பு உண்டு. ஆயினும் இது அரிதினும் அரிதான காசு அன்று. குறையற்றது கிடைக்கும்போது தழும்புள்ளதற்கு யாரும் அதிகம் தர முன்வருவதில்லை. 22 காரட்டில் ஏறத்தாழ 7.99 கிராம் எடை, அதில் 7.32 கிராம் தூய தங்கம்: அந்தப் பொன்மதிப்பு எங்கும் போகாது. எடையை மட்டும் துல்லியமான தராசில் சரிபாருங்கள், ஏனெனில் வளையத்தை ஒட்ட உருக்கிய பற்றுப்பொடி காசில் தங்கியிருந்தால் கூடியும், முன்பே அராவியிருந்தால் குறைந்தும் காட்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அப்படியே வைத்துக்கொள்கிறேன்.