இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் கைவிட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

டீசல்வாசம்:
இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. முழுப் பாரம், நீள இறக்கம், எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வண்டியைப் பிடிப்பது) போட்டாயிற்று. வண்டியை நன்றாகப் பிடித்து வைத்திருந்தது. கொண்டை ஊசி வளைவு வருகிறதே என்று கால் பிரேக்கையும் அழுத்தினேன். வேகம் குறைந்தது, அப்புறம் அந்த இரைச்சல் பட்டென்று அடங்கிவிட்டது. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்.பி.எம். முள் 1,000-க்குக் கீழே. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல வண்டி ஓடத் தொடங்கியது. அந்த அமைதிதான் இன்னும் காதில் இருக்கிறது. கால் பிரேக்கிலேயே கீழே வந்து சேர்ந்தேன், சக்கரத்தில் புகை.

பழைய கிளட்ச்:
ஆட்டோமேட்டிக் வண்டியா? கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இறுக்கிப் பிணைக்கும் பூட்டு) விட்டிருக்கும். லாக்கப் போனால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே வெறும் எண்ணெய்தான். புகையை அடைக்கும் பிரேக் வால்வு மூடியே இருந்தாலும் சக்கரத்துக்கு அந்தப் பிடி போய்ச் சேராது. எனக்கும் ஒருமுறை ஆனது, அன்றோடு ஆட்டோமேட்டிக்கை விட்டேன்.

மலையிறங்கி:
@பழைய கிளட்ச், பாதி சரி, ஆனால் குற்றத்தை முழுக்க ஆட்டோமேட்டிக் தலையில் கட்டாதீர்கள். மேனுவலில் கிளட்சை மிதித்தாலும் இதே கதைதானே? என் வண்டியில் தனி வால்வு கிடையாது, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் இறக்கைகளே நெருங்கிப் புகையை அடைக்கும். ஒரே ஒரு தடவை விட்டது, சமதரையில், அவ்வளவுதான்.

இறக்கம் தொடங்கும் முன்பே டோ-ஹால் பட்டனை (பாரம் இழுக்கும்போது போடுவது) போடுங்கள். பாதி வழியில் போட்டால் பிரயோஜனம் குறைவு. அது கியரைக் குறைத்து ஆர்.பி.எம்.மை மேலே வைக்கும். எக்ஸாஸ்ட் பிரேக்குக்கு உயிரே ஆர்.பி.எம்.தான், 1,200-இல் வெறும் சத்தம்தான் வரும். கியர் தானாக ஏறாதபடி கையால் பிடித்து வையுங்கள். கால் பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், அழுத்திக் குறைத்துவிட்டு விடுங்கள். கியர் ஆயில் சூட்டையும் பாருங்கள்.

ஈரச்சாலை:
அறிவுரை எல்லாம் காய்ந்த சாலைக்கு. வெற்று வண்டி, மழை, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், அவ்வளவே. பின்பக்கம் பக்கவாட்டில் வந்து கண்ணாடியில் எட்டிப் பார்த்தது. இந்தப் பிரேக் இன்ஜின் சுழற்றும் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும், முன்சக்கரத்துக்கு ஒன்றும் தெரியாது. மழை என்றால் நான் சுவிட்சையே அணைத்துவிடுவேன்.

டீசல்வாசம்:
@மலையிறங்கி, டோ-ஹால் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதனால்தானே கேட்கிறேன்.