ஐப்பசி மழையில் பாம்பு பார்க்க வழி சொல்லுங்கள்

வணக்கம். செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரை ஊர் ஒன்றில் இருக்கிறேன். பாம்புகளை அவை வாழும் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று இந்த ஐப்பசியில்தான் இறங்கியிருக்கிறேன். பிடிக்கும் எண்ணம் துளியும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு இடம் தராது.

போன வாரம் மழை விட்ட காலையில், மதகடியில் ஒரு தண்ணீர்ப்பாம்பு தவளையைப் பின்பக்கமாகக் கவ்விக்கொண்டு கிடந்தது. அதன் கண்ணுக்குக் கீழே ஒன்றும் பின்னால் ஒன்றுமாகச் சாய்ந்த இரண்டு கறுப்புக் கோடுகள். தவளையின் முன்னங்கால் விரல்கள் உள்ளே மறையும்வரை பத்தடி தள்ளி அசையாமல் நின்றேன். அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

அடைமழைக்கு நடுவே வெயில் அடிக்கும் நாட்களில் சாரை எந்நேரத்தில் வரப்புக்கு வரும்? கொம்பேறிமூக்கனை எந்த மாதிரி மரங்களில் தேடலாம்?

என் பெரிய தயக்கம் இரவு நடைதான். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். அதைப்போலவே தோன்றும், ஆனால் நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையன் பாம்புக்குப் பட்டைகள் கழுத்தருகே தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கும், கட்டுவிரியனுக்கு வால் பக்கம்தான் தெளிவு என்று படித்திருக்கிறேன். டார்ச் வெளிச்சத்தில், தூரத்திலிருந்து இதை நம்பலாமா? முழங்கால்வரை பூட்ஸ் வாங்கிவிட்டேன்; தனியாகப் போகப்போவதில்லை. இந்தப் பக்கத்தில் அனுபவமுள்ளவர்கள் யாராவது முதல் சில நடைகளுக்கு என்னை உடன் அழைத்துச் செல்வீர்களா?