மறு: மறு: 'இன்பரன்ஸ்' – வெள்ளிக்கு முன்னம் ஒரு சொல் வேணும்

கிளிநொச்சியிலிருந்து:
வணக்கம். தரம் 10 இலக்கிய நயத்துக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. 'இன்பரன்ஸ்' எண்ட ஒரு தலைப்புக்கு மட்டும் தமிழ்ச் சொல் இல்லை: சொன்னதை வைச்சுச் சொல்லாததை அறியிறது. குறுந்தொகை 25 படிப்பிச்சன். தலைவன் கூடின அண்டைக்கு ஒருத்தரும் இல்லை, ஆரல் மீனைப் பாத்துக்கொண்டு ஒரு குருகுதான், கொக்குத்தான், நிண்டது எண்டு தலைவி சொல்லுறாள். "ஏன் குருகு?" எண்டு கேட்டன். பின்வாங்கில் பெடியன் ஒருத்தன், "இரணைமடுக் குளத்தில கொக்கு மீனைத்தான் ரீச்சர் பாக்கும். சாட்சிக்கு வராது" எண்டான். அவன் செய்ததுக்கு என்ன பேர்?

வவுனியாவிலிருந்து:
உய்த்துணர்தல். புதிதாக ஆக்கவேண்டியதில்லை. நன்னூல் சொல்லும் 32 நூல் உத்திகளில் கடைசி 'உய்த்துணர வைப்பு'. தொல்காப்பிய மரபியலிலும் 'உய்த்துக்கொண்டு உணர்தல்' உண்டு. உய்த்தல், செலுத்துதல்.

முல்லைத்தீவிலிருந்து:
ஐயா, உயர்தர அளவையியலில், அதாவது தர்க்கத்தில், உய்த்தறிவு வேறு. அங்கே எடுகூற்று, அதாவது ஆதாரமாக வைக்கும் கூற்று, உண்மையானால் முடிவு தப்பாது. குருகுக்கு இன்னொரு பிள்ளை வேறு பொருள் சொன்னால் பிழை போடுவீர்களா? பேசாமல் 'ஊகம்' என்று வையுங்கள்.

வவுனியாவிலிருந்து:
அந்த ஊகம் வடசொல். தமிழ் ஊகம் கருங்குரங்கு, ஒரு புல்லும்கூட. பெரும்பாணாற்றுப்படையில் அதனால் கூரை வேய்ந்திருக்கிறார்கள். வடசொல் வேண்டாமென்றால், பாட்டின் இயற்கைக் காட்சிக்குள் மறைந்திருக்கும் குறிப்புப் பொருளுக்கு 'இறைச்சி' என்ற பழஞ்சொல் இருக்கிறதே?

கிளிநொச்சியிலிருந்து:
இறைச்சி எண்டு பலகையில எழுதினா அண்டைக்குப் பாடம் முடிஞ்சுது ஐயா. பகிடிக்கில்லை: இறைச்சி, உள்ளுறை, தொனி எல்லாம் பாட்டுக்குள்ள கிடக்கிறது. நான் கேக்கிறது வாசிக்கிறவன் செய்யிற வேலைக்குப் பேர்.

மாங்குளத்திலிருந்து:
எங்கட அப்பு காட்டுக்குள்ள யானை மிதிச்ச புல்லைக் குந்தியிருந்து பாப்பார். நிமிந்திருந்தா ராத்திரியே போட்டுது, தேனுக்குப் போகலாம். படுத்துக்கிடந்தா வந்த வழியே வீடு. யானையை அவர் காணேல்லை. 'தடமறிதல்' எண்டா என்ன?

வவுனியாவிலிருந்து:
அழகு தம்பி. ஆனால் தடயவியல் ஞாபகம் வரும். பிள்ளைகள் கவிதையைப் பொலிசு மாதிரி விசாரிப்பார்கள்.

முல்லைத்தீவிலிருந்து:
இப்போதும் அதைத்தானே செய்கிறார்கள்? சரி, காலம் இல்லை. உய்த்துணர்தலுக்கே என் வாக்கும், அரை மனதோடு.

மாங்குளத்திலிருந்து:
நான் உடன்படேல்லை எண்டு குறிச்சு வையுங்கோ. வன்னியில 'உய்' எண்டா ஆருக்கு ஐயா செலுத்துறது ஞாபகம் வரும்?

கிளிநொச்சியிலிருந்து:
உய்த்துணர்தல் எண்டு தலைப்புப் போட்டிட்டன். யானை அடி மூண்டாம் பயிற்சியில வருது. தம்பி, எந்தப் புல்லு எண்டு அப்புவிட்டக் கேட்டு இண்டைக்கே எழுதும்.