ரைட்-ஆஃப் வண்டிக்குத் தமிழில் என்ன?

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். லண்டனில் பழைய கார் வாங்கும் தமிழர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'ரைட்-ஆஃப்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சரிசெய்து தருவதில்லை என்று காப்பீட்டு நிறுவனம் கணக்கிலிருந்து எடுத்துவிடும் காரை அப்படிச் சொல்கிறார்கள்.

அங்கே அடிபட்ட கார்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் நான்கு வகையாகப் பிரிக்கின்றன. ஏ என்றால் ஒரு பாகத்தைக்கூடக் கழற்றாமல் அப்படியே நசுக்க வேண்டும். பி என்றால் பாகங்களைக் கழற்றி விற்கலாம், ஆனால் பாடி நசுக்கப்பட வேண்டும். இந்த இரண்டும் மறுபடி சாலைக்கு வரக்கூடாது. எஸ் என்றால் சட்டகத்தில், அதாவது வண்டியைத் தாங்கும் கூட்டில், அடி. என் என்றால் சட்டகம் தப்பித்தது. இந்த இரண்டையும் ஒழுங்காகச் சரிசெய்து ஓட்டலாம். 2017 அக்டோபர் வரை எஸ், என் இருக்குமிடத்தில் சி, டி இருந்தன. அவை செலவைப் பார்த்துப் பிரித்தவை. பழுது பார்க்கும் செலவு காரின் விலையைத் தாண்டினால் சி. தாண்டாவிட்டாலும் நிறுவனத்துக்குக் கட்டுபடியாகாது என்றால் டி. இப்போது அடி எங்கே பட்டது என்றுதான் பார்க்கிறார்கள்.

நான்குக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும். 'அழிந்த வண்டி' என்றால் எஸ், என் இரண்டுக்கும் பொருந்தாது. 'கழிவூர்தி' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

வேலந்தாவளம் எழுதியது:

மேடம், கழிவூர்தி என்று போட்டால் செப்டிக் டேங்க் லாரி என்று நினைப்பார்கள். எங்கள் பட்டறையில் 'டோட்டல் லாஸ்' என்போம். சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயரும் அதையேதான் சொல்கிறார். வண்டிக்காரரும் 'டோட்டல் போட்டுட்டாங்களா?' என்றுதான் கேட்கிறார். அப்புறம் எதற்குப் புதுச்சொல்?

செங்கோட்டை எழுதியது:

அன்பு வேலந்தாவளம் தம்பி, சர்வேயர் சொல்வதெல்லாம் தமிழாகிவிட்டால் நமக்கு இந்தக் குழுவே வேண்டாம்.

அம்மா, 'கழி' என்ற வேர் உங்களைக் கவிழ்த்துவிடும். 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்கிறது நன்னூல். 'கழி பேருவகை' என்றால் மிகுந்த மகிழ்ச்சி. அந்தக் கணக்கில் 'கழியூர்தி' மிகச் சிறந்த ஊர்தி ஆகிவிடும்! தவிர, நெய்தல் பாட்டுகளில் வரும் கழி உப்பங்கழி. காயலும் அதுதான். பழைய இரும்பு எடுப்பவரைக் காயலான் கடைக்காரர் என்கிறோம். காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் என்பார்கள். கழித்த வண்டி காயலானிடம் போகிறது என்றால் ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொரு நீர்நிலைக்குப் போகிறது. இதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. விரிவாக நாளை எழுதுகிறேன்.

குமுளி எழுதியது:

ஐயா, விரிவை வெள்ளிக்கிழமை கழித்து வைத்துக்கொள்ளலாமா?

மலையாளப் பத்திரிகைகளில் கடனை 'எழுதித்தள்ளி' என்று போடுகிறார்கள். ரைட்-ஆஃப் அப்படியே இறங்கியிருக்கிறது. 'எழுதித்தள்ளிய வண்டி' என்று நாமும் எடுத்துக்கொள்ளலாமே.

செங்கோட்டை எழுதியது:

தமிழில் எழுதித் தள்ளுவது நான் செய்வது. வண்டி செய்வதல்ல. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. மலையாளத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. ஆனாலும் இது ஒவ்வாது.

வேலந்தாவளம் எழுதியது:

சொல்லை விடுங்கள், விஷயத்தைச் சொல்கிறேன். இந்தியாவில் ஏ, பி எழுத்தெல்லாம் இல்லை. பழுதுச் செலவு ஐடிவியில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் கணக்கு. ஐடிவி 4 லட்சம் என்றால் எஸ்டிமேட் 3 லட்சத்தைத் தாண்டினாலே போச்சு. ஐடிவி வருஷா வருஷம் இறங்கும். நான்கு வயது தாண்டி ஐந்துக்குள் இருக்கும் வண்டிக்குப் புது விலையில் பாதிதான். அதனால் பழைய வண்டியில் நடுத்தர அடி பட்டாலே கணக்கு மூடிவிடும். வண்டி நன்றாகத்தான் இருக்கும், நம்பர்தான் ஒத்துவராது. அப்படிப்பட்ட வண்டியை அழிவு, நாசம் என்றெல்லாம் எழுதாதீர்கள்.

இன்னொன்று. நிரந்தரமாக ஓட்ட முடியாமல் போன வண்டியை 14 நாளைக்குள் ஆர்டிஓ ஆபீசில் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 55ஆம் பிரிவு இருக்கிறது. எத்தனை பேர் செய்கிறார்கள்? ஆர்சி உயிரோடு இருந்தால் வண்டி இன்னொரு ஊரில் பெயின்ட் அடித்துக்கொண்டு வந்து நிற்கும்.

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்ன 'நம்பர் ஒத்துவராது' என்பதுதான் எனக்கு வேண்டிய பொருள். 'கட்டுபடியாகா வண்டி' என்றால்?

மார்த்தாண்டம் எழுதியது:

எஸ்ஸுக்கும் என்னுக்கும் அருமை. ஏ வகையில் தீப்பிடித்துச் சாம்பலான காரும் வரும். அதைப் பார்த்துக் கட்டுபடியாகாது என்றால் வாசகர் சிரிப்பார்.

என் வகைக்கு 'மேலோட்டச் சேதம்' போடலாம்.

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

மேலோட்டம் கூடவே கூடாது. சட்டகத்தில் அடி இல்லை என்பது மட்டும்தான் என். பிரேக், ஸ்டீயரிங், மின்சாதனம் கெட்டிருந்தாலும் என் வகையில் வரலாம். 'மேலோட்டம்' என்று படித்துவிட்டு யாராவது நம்பி வாங்கினால் பாவம் என் தலையில்.

வேலந்தாவளம் எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். 2018 கேரள வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வெளியே ஒரு கீறல் இருக்காது. வயரிங்கில் களிம்பு பிடித்துக் கொஞ்ச நாள் கழித்து ஒவ்வொன்றாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அடிதான் மோசம்.

குமுளி எழுதியது:

அப்படியானால் எஸ் 'சட்டகச் சேதம்', என் 'சட்டகம் சாராச் சேதம்'. 'சட்டச் சேதம்' என்று சுருக்காதீர்கள், வக்கீலிடம் போய் நிற்பார்கள். எழுத்துகளை அ, ஆ என்று மாற்றவும் வேண்டாம். காரின் வரலாற்றைச் சரிபார்ப்பவர் அங்கே எஸ் என்றுதான் பார்ப்பார்.

செங்கோட்டை எழுதியது:

எழுத்தை விட்டுக்கொடுக்கிறேன். 'இன்சூரன்ஸ்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

பதிப்பாளர் ஈழத்தவர். 'காப்பீடு' வேண்டாம், 'காப்புறுதி' என்றே இருக்கட்டும் என்கிறார். வாசகரும் அவர்களே என்பதால் அப்படியே வைக்கிறேன். இதற்குத் தனி இழை தொடங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பொதுச் சொல்லுக்கு என் முடிவு: முதல் இடத்தில் 'காப்புறுதி நிறுவனம் கணக்கில் கழித்த வண்டி' என்று முழுதாக. பிறகு 'கழித்த வண்டி'. கழிவு இல்லை, அழிவும் இல்லை. கணக்கிலிருந்து எடுத்தது நிறுவனம் என்பது தெரிகிறது. மறுப்பு இருந்தால் இன்று இரவுக்குள்.

மார்த்தாண்டம் எழுதியது:

சரி.

குமுளி எழுதியது:

எனக்கும் சரி. 'கட்டுபடியாகா' போனதில் கொஞ்சம் வருத்தம்.

வேலந்தாவளம் எழுதியது:

போடுங்கள் மேடம். அடைப்புக்குள் டோட்டல் லாஸ் என்று ஒரு தடவையாவது சேருங்கள்.

செங்கோட்டை எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்யவும். 'கழித்த' இறந்தகாலப் பெயரெச்சம். பேச்சு வழக்கில் 'கழித்துக்கட்டினான்' என்றால் உரிமையாளரே தொலைத்தார் என்றுதான் காதில் விழும். வினைத்தொகையாக 'கழிவண்டி' என்று வைத்திருந்தால் மூன்று காலமும் அடங்கும், எஸ் வகை திரும்பி வருவதற்கும் இடம் இருக்கும். 'கழி' மிகுதியைக் குறிக்குமே என்று யாரும் என்னிடமே திருப்பிக் கேட்க வேண்டாம். அது உரிச்சொல், இது வினைப்பகுதி. காயலான் பற்றிய கட்டுரை பாதி முடிந்திருக்கிறது. கையேட்டின் இரண்டாம் பதிப்பு எப்போது என்று பதிப்பாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.