பழைய பதிவேடுகளில் பாட்டன் பூட்டனைத் தேடியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

இரணியல் தபால்காரர்:

முப்பத்து நான்கு வருடம் தபால் கொடுத்தவன் நான். முகவரியில் பிழை இருந்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன் என்ற கர்வம் உண்டு. ஓய்வு பெற்றபின் சொந்தப் பூட்டனைத் தேடிப் புறப்பட்டேன். கர்வம் ஆறு மாதத்தில் அடங்கிவிட்டது.

எங்கள் குடும்பப் பைபிளின் முதல் பக்கத்தில் தாத்தாவின் தாத்தா பெயர் எழுதியிருக்கிறது. தமிழ்ப் பெயருக்குப் பின்னால் அசல் இங்கிலீஷ் குடும்பப் பெயர் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்ன பெயர் என்று இங்கே சொல்லவில்லை. சொன்னால் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பெயரை வைத்து எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக ஒரு கதை ஓடுகிறது: நமக்குள் கொஞ்சம் வெள்ளைக்கார இரத்தம் உண்டு. தாத்தா சிவப்பு. ஒரு சித்தப்பாவுக்குப் பூனைக்கண். வேறு சாட்சி எதற்கு?

லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ சங்கத்து ஆட்கள் நம் கன்னியாகுமரிப் பக்கத்தில் வேலை தொடங்கியது 1806இல், ரிங்கல்தௌபே என்ற மிஷனெரி மயிலாடிக்கு வந்தபோது. பிறகு மீட் என்ற மிஷனெரி நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் இருந்தார். ஆகவே பைபிளில் உள்ள பெயருக்கு உரியவர் மிஷனெரியாகத்தான் இருப்பார் என்று எண்ணி, அவர்கள் பட்டியலைத் தேடினேன். அந்தப் பெயரில் யாருமில்லை. திருவிதாங்கூரில் இருந்த துரைமார், அசம்பு மலையில் காப்பி போட்டவர்கள் என்று எல்லாரையும் சலித்தேன். ஒருவரும் அகப்படவில்லை.

மிஷன் பழைய காகிதங்கள் லண்டனில் சோவாஸ் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. அங்கே படிக்கும் என் மருமகன் ஒரு நாள் சில பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினான். போர்டிங் பள்ளிப் பிள்ளைகளின் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில், அந்தப் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் துணிக்கும் பணம் அனுப்புகிறவர் யார், இங்கிலாந்தில் எந்த ஊர் என்று இருந்தது. எங்கள் இங்கிலீஷ் பெயரும் இருந்தது, பணம் அனுப்புகிறவர் பக்கத்தில். பணம் அனுப்பியவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அன்றைய வழக்கம். உபதேசியார்களுக்கும் அப்படி நடந்திருக்கிறது. கப்பலே ஏறாத யாரோ ஒரு புண்ணியவான் பெயரைத்தான் நாங்கள் இரத்தம் என்று சுமந்துகொண்டிருந்தோம். அதற்கு முன் அந்தப் பையனுக்கு வீட்டில் என்ன பெயர் என்று பட்டியலில் இல்லை.

பெரியம்மாவிடம் சொன்னேன். தொண்ணூறு வயது. "உனக்கு வேறு வேலை கிடையாதா? பேசாமல் இரு" என்று சொல்லிவிட்டார்.

இதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். நம் ஆட்களை அவர்கள் பெயரில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். அடுத்தவர் பெயருக்குக் கீழே இருப்பார்கள். உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

சுசீந்திரம் மருமகள்:

அண்ணாச்சி, நீங்கள் ஆறு மாதம் சொல்கிறீர்கள். நான் இரண்டு வருடம் தப்பான ஆளைக் கும்பிட்டிருக்கிறேன்.

எங்களுடையது நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடு. 1926இல் சட்டம் வரும்வரை மருமக்கள்வழிதான். சொத்து மகனுக்குப் போகாது, சகோதரி மகனுக்குப் போகும். கவிமணி பாட்டாகவே பாடி வைத்த கூத்து அது. பள்ளிக்கூடத்தில் படித்துச் சிரித்திருக்கிறேன். ஆதாரக்கட்டை (சொத்துப் பத்திரத்தை இங்கே ஆதாரம் என்போம்) அவிழ்த்தபோது ஏனோ ஞாபகம் வரவில்லை.

மாமனார் வீட்டுப் பரணில் ஒற்றி ஆதாரங்கள் ஒரு கட்டு இருந்தன. எல்லாவற்றிலும் தலையில் ஒரே பெரியவர் பெயர். அவருக்கு அடுத்தபடி, வரிசையாக இளையவர்கள். நான் மூத்தவரை அப்பாவாகவும் மற்றவர்களைப் பிள்ளைகளாகவும் வைத்து வம்ச மரம் வரைந்துவிட்டேன். வீட்டார் அதை பிளெக்ஸ் அடித்து, ஒரு சஷ்டியப்த பூர்த்தி மண்டபத்தின் வாசலில் வைத்தார்கள். ஆளுயரப் பலகை. எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெரியவர் காரணவர், அதாவது தாய்வழிக் குடும்பத்தின் தலைவரான மாமன். கீழே இருந்தவர்கள் அனந்தரவர்கள், அதாவது அவருடைய சகோதரியின் பிள்ளைகள். அவருக்குப் பிறந்தவர்கள் வேறு தரவாட்டில் (தாய்வழிக் குடும்பத்தில்) வேறு யாருடைய ஆதாரத்திலோ அனந்தரவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். என் மரத்தில் அப்பா என்று இருந்த எல்லாரும் மாமன்மார்.

சரியான அப்பாவை எப்படிப் பிடித்தேன் என்றால், "உகந்துடைமை" என்ற ஒரு சொல்லால். தரவாட்டு ஆண் தன் மனைவி மக்களுக்கு விட்டுக்கொடுக்கும் சிறு பங்கு அது. ஓர் ஆதாரத்தில் இரண்டு வரியில், உகந்துடைமை இன்னார் மக்களுக்கு என்று வந்தது. தகப்பன் அங்கேதான் தலை காட்டுகிறான். இந்த வழியில் தேடுகிறவர்கள் 1926க்குப் பிந்திய பாகப்பிரிவினை ஆதாரங்களை விட்டுவிடாதீர்கள். தாயின் வயிற்றில் இருந்த பிள்ளையைத் தவிர அத்தனை பேரையும் வயதோடு எழுதிவைத்திருக்கிறார்கள். பங்கு கேட்கிற இடத்தில் யாருக்கும் யார் பெயரும் மறக்காது.

பிளெக்ஸ் இப்போது மாட்டுத் தொழுவத்துக்கு மறைப்பாக இருக்கிறது. மாமன்மார் வெயில் காய்கிறார்கள்.

புதிதாக வந்தவன்:

ஆதாரத்தில் 1031 என்று ஆண்டு இருக்கிறது. சோழர் காலமா?

இரணியல் தபால்காரர்:

தம்பி, சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். கொல்லம் ஆண்டு அது. இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் அன்றுதான் இந்தப் பக்கம் வந்தன. பழைய ஆதாரமெல்லாம் கொல்லக் கணக்கு. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆதாரமாக இருந்தால் மலையாளத்தில் இருக்கவும் வாய்ப்பு உண்டு. படிக்கத் தெரிந்த ஆளையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் 825ஐக் கூட்டச் சொல்வார்கள். அங்கேதான் குழி. கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில். ஆவணியிலிருந்து மார்கழிப் பாதி வரை உள்ள தேதிக்கு 824 கூட்ட வேண்டும். மார்கழிப் பாதிக்குமேல் ஆடி முடிய 825. என்னிடம் இருந்த ஆதாரமும் 1031தான், கார்த்திகை மாதம். நான் 825 கூட்டி 1856 என்று எழுதிக்கொண்டு, அந்த வருடத்து ஞானஸ்நானப் பதிவேட்டை வரி வரியாகப் படித்தேன். சபையின் கோயில்குட்டி (கோயில் பணியாள்) எனக்காக இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டார். ஆள் 1855 பதிவேட்டில் இருந்தார்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி: மலையாளத்தார் "தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்" என்று சொல்வார்களே, அது 1099 ஆடி. 825 கூட்டினால் 1924 ஜூலை. சரியாக வருகிறதா? இனி உங்கள் மாதத்தைப் பாருங்கள்.

கடல்புறத்தாள்:

எங்கள் ஊரில் கேட்டால் எல்லாரும் 1544இல் தொடங்குவார்கள். சவேரியார் வந்தார், கரையோரம் முழுவதும் ஞானஸ்நானம் கொடுத்தார். அது சரி. ஆனால் புத்தகம் அவ்வளவு தூரம் போகவில்லை. எங்கள் பங்குக் கோயிலில் எனக்குக் காட்டிய மிகப் பழைய ஏடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதி, அதிலும் கரையான் பாதி தின்றுவிட்டது. எழுத்து லத்தீன். அந்தோணியின் மகன் சவேரியுஸ், சவேரியுஸின் மகன் அந்தோணியுஸ். அடுத்த பக்கமும் அதேதான். ஒரே வருடத்தில் ஒன்பது சவேரியுஸ் பிறந்திருக்கிறார்கள். கடற்கரையில் ஒருவனைப் பட்டப்பெயர் சொல்லாமல் அடையாளம் காட்ட முடியாது. சாமியார் அதை எழுதுவாரா?

எனக்குக் கைகொடுத்தது, ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பாக நிற்கும் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்கள். ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு அதே இரண்டு மூன்று வீட்டார்தான் மாறி மாறி நிற்கிறார்கள். அதை நூல் பிடித்து என் ஆளை மற்ற எட்டு பேரிலிருந்து பிரித்தேன்.

அடக்கப் பதிவேட்டையும் கேட்டு வாங்கினேன். ஒரு பக்கத்தில் வாரத்துக்குள் பதினொரு பேர், அதில் ஏழு குழந்தைகள். ஓரத்தில் ஒரே ஒரு சொல், வாந்திபேதி என்று பொருள். என்னுடைய ஆளின் மூன்று பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். அதற்குப் பிறகு நான் போகவில்லை. மூடிவைத்துவிட்டேன்.

கீரிப்பாறை:

என் கதை இந்த மாவட்டத்தில் தொடங்கவில்லை. இங்கே வந்து முடிந்து கிடக்கிறது.

அப்பா பிறந்தது இலங்கைத் தோட்டத்தில். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் ஆறு பேர். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அரசு ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்து இந்த மலைக்கு அனுப்பினார்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளிய கை, பால்வெட்டுக் கத்தி பிடித்தது. காகிதத்தில் எங்களுக்கு "தாயகம் திரும்பியோர்" என்று பெயர். அப்பா அதை வாசித்துவிட்டுக் கேட்பார்: "நான் எப்போது இங்கிருந்து போனேன், திரும்புவதற்கு?"

கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து இலங்கைக்குப் போனார் என்று தேடினேன். எங்களிடம் இருந்த பழைய தோட்டத்துக் காகிதம் ஒன்றில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பெரிய கங்காணியின் (ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கியவர்) பெயர் இருந்தது. ஊர் இல்லை. தோட்டத்தில் ஆள் கங்காணியின் கணக்கு. கடனைக் குறித்த துண்டுச் சீட்டும் அவர் கையில். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதும் அவர் பேச்சில்தான். ஆகவே கங்காணியின் ஊரைத் தேடினேன். சொந்த ஊர்ப்பக்கத்து ஆட்களைத்தான் பெரும்பாலும் அழைத்துப்போவார்கள் என்று பாட்டி சொல்லியிருந்தார். தேடல் புதுக்கோட்டைப் பக்கத்தில் போய் நின்றது. போனேன். கங்காணி வீட்டார் காப்பி கொடுத்தார்கள், நன்றாகப் பேசினார்கள். எங்கள் ஆட்களைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லைதானே.

அப்பா பஸ்ஸில் திரும்பும்போது ஆரல்வாய்மொழி தாண்டிக் காற்று அடித்ததும், "ஊர் வந்துவிட்டது" என்றார்.

சுசீந்திரம் மருமகள்:

கீரிப்பாறை தங்கச்சி, அப்பா சொன்னதை எழுதிவையுங்கள். தேதியோடு.

தோவாளைப் பூக்காரர்:

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மேலே எல்லாரும் ஆதாரம் ஆதாரம் என்கிறீர்கள். எங்களுக்கு ஏது ஆதாரம்? நிலம் இருந்தால்தானே எழுதுவதற்கு. நாங்கள் நிலத்தோடு சேர்த்து எழுதப்பட்ட ஆட்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்ததாக அறிவித்தது 1855 ஜூனில். அதற்கு முந்திய ஆள் விற்பனை ஓலைகள் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகளை அச்சில் படித்துப் பாருங்கள். கவிமணி தேடி எடுத்தவை. நான் ஒரே இரவில் படித்தேன். மறுநாள் பூ எடுக்கப் போகவில்லை.

எங்கள் பாட்டனார்களில் ஒருவர் மிஷன் சபையில் சேர்ந்தவர். அந்த ஞானஸ்நானப் பதிவைத் தேடிப் போனேன். முதலில் ஒரு சபையில் பெட்டிச் சாவி இல்லை என்றார்கள், மூன்று முறை. நான்காம் முறை பூவோடு போனேன்; சாவி கிடைத்துவிட்டது. பெரியவராக வயது வந்தபின் சேர்ந்தவர் என்பதால், புதுப்பெயருக்குப் பக்கத்தில் பழைய பெயரையும் குறித்திருந்தார்கள். தபால்கார அண்ணாச்சிக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் வெற்றிடம். ஊர் இருந்தது.

பழைய பெயர் ஒரு மாடசாமி பெயர். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள் (கிறிஸ்தவர்கள்) நாங்கள். கடையில் பூக்கட்டும் கிழவியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், இந்தப் பெயரில் பீடம் எங்கேயாவது உண்டா என்று. தலையைத் தூக்காமலே ஊர் சொன்னார். பதிவேட்டில் இருந்த அதே ஊர். சித்திரையில் கொடை (சாமிக்குத் திருவிழா) நடக்கும், வில்லுப்பாட்டில் அந்தச் சாமியின் கதையை இரவு முழுவதும் பாடுவார்கள், ஒரு வேலையாள் வயல்வரப்பில் செத்த கதை என்றார். எந்தப் பதிவேட்டிலும் இல்லாததை வில்லுக்காரர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

அந்தக் குடும்பமும் நாங்களும் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம். கடல்புறத்து அக்கா ஒன்பது சவேரியுஸ் பார்த்திருக்கிறார். வரும் கொடைக்குப் போய், பாட்டு முழுவதையும் கேட்டு, பெரியவர்களிடம் பதிவேட்டுப் படத்தைக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

யார் வீட்டில் பேச வேண்டும் என்று கிழவியிடம் கேட்டபோது, "உனக்குத் தெரியாதா?" என்றார். போய் என் பற்று நோட்டைப் புரட்டினேன். பன்னிரண்டு வருடமாகக் கொடைக்கு அரளியும் பிச்சியும் என் கடையிலிருந்துதான் போகிறது. போன வருடத்துப் பாக்கி நூற்று நாற்பது ரூபாய் இன்னும் நிற்கிறது.