மணப்பாறை வீடு 🏡 (குடும்பக் குழு)

நான்: யாராச்சும் இருக்கீங்களா? நாளைக்கு கிளாஸ்ல அஞ்சு நிமிஷம் பேசணும். கவிதையும் நாவலும் எழுதுறவங்க ஒருத்தரைப் பத்தி. எனக்கு சல்மா வந்திருக்கு

பெரியப்பா: நம்ம துவரங்குறிச்சி சல்மாவா? மதுரை ரூட்டுல கண்டக்டரா இருந்தப்ப அந்த ஸ்டாப்புல எத்தனை டீ குடிச்சிருப்பேன். ஊருக்குள்ள இப்படி ஒரு ஆளு எழுதிட்டு இருக்குனு யாருக்குத் தெரியும்

சித்தி: எப்படித் தெரியும் மாமா, வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டோட வச்சுட்டாங்களே

அண்ணன்: ராத்திரி பாத்ரூம்ல ஒளிஞ்சு நின்னு எழுதுனவங்கதான? அதைச் சொல்லு, கைதட்டு உறுதி 👏

சித்தி: எல்லாரும் அதோட நிறுத்திடுறாங்கடா. எழுதுனதை ஒருத்தரும் படிக்கிறதில்ல

நான்: நீங்க படிச்சீங்களா சித்தி

சித்தி: இரண்டாம் ஜாமங்களின் கதை படிச்சேன். லைப்ரரி புக்கு, தலகாணி கனம். ராபியானு சின்னப் பொண்ணு, வீட்டுக்குத் தெரியாம சினிமாவுக்குப் போய் அடி வாங்குவா. கதைனு பெருசா ஓடாது. சமையக்கட்டு, கல்யாணம், பொம்பளைங்க கூடிப் பேசுறது, அதுலயே எல்லாம் வந்துடும். யாரு யாருக்கு என்ன உறவுனு குழம்பிப் போய், காலண்டர் தாளுக்குப் பின்னாடி எழுதி வச்சுக்கிட்டுப் படிச்சேன் 😄

நான்: வருஷம்லாம் வேணும். மேடம் கேப்பாங்க

சித்தி: கவிதைதான் முதல்ல. ஒரு மாலையும் இன்னொரு மாலையும் 2000. பச்சை தேவதை 2003. இந்த நாவல் 2004. பின்னாடி மனாமியங்கள்னு இன்னொரு நாவல். சல்மாங்கிறதே புனைபெயர்தான்

அத்தை: யாருக்காவது சிலிண்டர் வந்துச்சா?

பெரியப்பா: 2001ல பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர். பொம்பளைங்களுக்கு ஒதுக்குன சீட்டு, வீட்டுக்காரர்தான் நிக்க வச்சார். 2006ல மருங்காபுரில எம்எல்ஏவுக்கு நின்னு தோத்துச்சு. 2025ல ராஜ்யசபா எம்பி

அண்ணன்: பாத்ரூம் டூ பார்லிமெண்ட். தலைப்பு ரெடி

சித்தி: நேர்ல வா, இருக்கு உனக்கு

சித்தி: பாப்பா, இதைக் கவனி. கவிதைல தனியா ஒருத்தி ராத்திரில பேசுற மாதிரி இருக்கும். நாவலுக்கு வந்ததும் தெருவுல இருக்குற அத்தனை பேரும் பேச ஆரம்பிச்சுடுவாங்க. அவ்வளவு பேரைக் கவிதைக்குள்ள எங்க உக்கார வைக்கிறது? அதான் நாவல் எழுதியிருப்பாங்கனு தோணுச்சு

நான்: இதை அப்படியே சொல்லிக்கவா 🙈

சித்தி: சொல்லிக்கோ. நாலு கவிதையாவது படிச்சுட்டுப் போய்ச் சொல்லு

அத்தை: சிலிண்டர் வந்துச்சானு கேட்டேனே